மூன்றுக்கு மூன்று

லீக் ஒழுங்குக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நான் செஸ்ஸில் சுமாரான ஆள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியெல்லாம் சுலபமாகிவிடும். முப்பது வருஷமாக எங்கள் சங்க அணியில் ஆறாவது போர்டில் ஆடுகிறேன். அணியில் இருப்பதே ஆறு போர்டுதான். ஏழாவது என்று ஒன்று இருந்திருந்தால் அங்கே இருந்திருப்பேன். கேப்டன் நான், செயலாளர் நான், போட்டிக்கு முன்னால் நாற்காலி போடுவதும் முடிந்ததும் அடுக்குவதும் நான். அதனால் என்னை அணியிலிருந்து நீக்க யாருக்கும் மனசு வரவில்லை. நீக்கிவிட்டால் நாற்காலியை யார் அடுக்குவது என்ற கேள்வி வரும்.

நீதிமன்ற ஊழியர் அணி என்மேல் கொடுத்திருக்கும் புகாரின் நகல் கிடைத்தது. நாலு பக்கம். குறை சொல்ல முடியாத எழுத்து. அவர்களுக்கு வேலையே அதுதானே. அதன் சாரம் இது: கடைசிச் சுற்றுப் போட்டியின்போது மாலை நாலு பன்னிரண்டுக்கு நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். நாலு பதினாலுக்கு உள்ளே வந்தேன். அடுத்த சில நிமிஷத்தில் எங்கள் முதல் போர்டுக்காரரிடம் ஏதோ பேசினேன். அவர் உடனே எதிராளி கொடுத்த டிராவை மறுத்துவிட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்து ஜெயித்தார். ஆகவே வெளியே யாரோ கம்ப்யூட்டரைப் பார்த்து எனக்கு நகர்த்தல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நேரமெல்லாம் சரியாகக் குறித்திருக்கிறார்கள். முடிவுதான் தப்பு. அரசாங்கத்தில் என் வேலை கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது. ஐந்து கிராம் பிசகினால் முத்திரை வைக்க மாட்டேன், கடைக்காரர் என் சித்தப்பாவாக இருந்தாலும். ஐம்பத்தெட்டு வயதுவரை யாரும் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்னதில்லை. திறமை இல்லாதவன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை.

அன்று போனில் பேசியது என் தங்கை. அவளுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. அதை நிரூபிக்கத்தான் இந்த விளக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அதற்கான காரணமும் உள்ளேயே வரும்.

எங்கள் முதல் போர்டுக்காரர் என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர். பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மேல்வரிசை, கீழ்வரிசை, ஒற்றைப் பல் என்று வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ராவிக்கொண்டே இருப்பார். பேச்சு குறைவு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் வேறொரு ஊர் அணியில் ஆடினார். அந்த வருஷம் எங்களைத் துவைத்துக் காயப்போட்டவரே அவர்தான். போட்டி முடிந்ததும் எங்கள் ஆட்கள் எல்லாரும் அவரைச் சுற்றி நின்று, எந்த இடத்தில் ஆட்டம் போச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டது வேறு.

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

ஆகவில்லை. ஆறு மாதத்தில் ஆனது. அடுத்த சீசன் எங்கள் அணி இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறியது. தங்கை இதை யார் வந்தாலும் சொல்வாள்: "எங்கண்ணன் எனக்கு மாப்பிள்ளை பார்க்கல. டீமுக்கு ஆள் பார்த்தான். நான் இலவச இணைப்பு." சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஒரு விஷயத்துக்கு எல்லாரும் சேர்ந்து சிரித்துவிட்டால் அது உண்மையா இல்லையா என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவள்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது நான். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இதோ, இப்போது சொல்லிவிட்டேன்.

முதல் பிரிவில் எட்டு அணிகள், ஏழு ஞாயிற்றுக்கிழமைகள். கடைசி இரண்டு அணிகள் கீழே இறங்க வேண்டும். நாங்கள் ஏறியதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஆறாவது இடம். ஒருமுறை அரைப் புள்ளியில் தப்பினோம், ஒருமுறை எதிரணி பஸ்ஸைத் தவறவிட்டதால் தப்பினோம். மாப்பிள்ளை ஜெயிப்பார், நான் தோற்பேன், நடுவில் இருக்கும் நாலு பேர் எப்படியாவது கணக்கை நேர் செய்வார்கள். இந்தச் சீசனில் கடைசிச் சுற்றுக்கு முன் என் கணக்கு ஆறு ஆட்டம், ஐந்து தோல்வி, ஒரு டிரா. டிரா செய்தவருக்கு அன்று காய்ச்சல்.

எங்கள் சங்கம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே இஸ்திரி போடும் ஆவி பலகை இடுக்கு வழியாக மேலே வரும். சுவரெல்லாம் பூஞ்சணம். ஊரே அப்படித்தான், வருஷத்தில் ஒன்பது மாதம் துணி காயாது. தங்கைக்கு நாற்பது வயதுக்கு மேல் இழுப்பு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு டாக்டர், இந்த ஊர் ஈரம் உங்களுக்கு ஆகாது, உலர்ந்த இடமாகப் பார்த்துப் போய்விடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாப்பிள்ளையின் பழைய கூட்டாளி ஒருவர் மேட்டுப்பகுதியில் பெரிய பல் செட் கூடம் வைத்திருந்தார். வந்து சேர்ந்துகொள், வீடும் பார்த்துத் தருகிறேன் என்று எழுதியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள்.

"என்னண்ணா சொல்ற?" என்றாள்.

"போகணும்னா போங்க. உடம்பைவிட எது பெரிசு? ஆனா பாதியில விட்டுட்டுப் போனா நல்லாருக்காது. சீசன் முடியட்டும்."

சீசன் முடிந்தது. மழை ஆரம்பித்திருந்தது, மழையில் யார் வீட்டைக் காலி செய்வார்கள் என்றேன். மழை விட்டபோது அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்கும் தேதி வந்துவிட்டது. நான் ஒருபோதும் போகாதே என்று சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வருஷம் அந்தக் கூட்டாளி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். செய்தி கேட்டு நான் வருத்தப்பட்டேன். வருத்தப்பட்ட முகத்தோடு இருந்தேன் என்பதுதான் சரியான எடை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். போட்டி நடக்கும்போது ஆட்டக்காரர்கள் எல்லாருடைய போனும் அணைக்கப்பட்டு கேப்டனிடம் ஒரு பையில் இருக்க வேண்டும். கேப்டன் மட்டும் தன் போனைச் சத்தமில்லாமல் வைத்திருக்கலாம். பேச வேண்டுமானால் ஹாலுக்கு வெளியே போய்ப் பேச வேண்டும். வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் குடும்பத்தார் கேப்டனைக் கூப்பிடுவார்கள். இது நம் லீக்கின் விதி. ஆண்டுக் கூட்டத்தில் இதை முன்மொழிந்தவனே நான்தான். கைதட்டினீர்கள். என் செஸ் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

அந்த விதி எப்படி நடைமுறையில் இருந்தது என்பதற்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் மூன்றாவது போர்டுக்காரர் பஸ் டிரைவர். போன வருஷம் ஒரு போட்டியின் நடுவில் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். மகன் சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம், அவரிடம் சொல்லுங்கள் என்றார். டிரைவரிடம் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தது. ஐம்பது நிமிஷம் கழித்து, அவர் ஜெயித்த பிறகு சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பரவால்ல கேப்டன். சொல்லியிருந்தா ஆட்டம் போயிருக்கும். டாக்டர்தான் கட்டுப் போடப் போறாரு, நான் போய் என்ன பண்ணப் போறேன்?" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு திருப்தி. நான் ஆடும் ஆட்டத்தால் அணிக்குப் பிரயோஜனம் இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதால் உண்டு என்று தெரிந்தது.

இப்போது கடைசிச் சுற்று. எங்கள் அறையில்தான் போட்டி. எங்களுக்குச் சமன் செய்தால் போதும், முதல் பிரிவில் நீடிப்போம். நீதிமன்ற ஊழியர் அணிக்கு வெற்றி வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் இறங்குவார்கள். இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். மூன்று மணிக்கு நான் தோற்றுவிட்டேன். பத்தொன்பதாவது நகர்த்தலில் ராணியைச் சும்மா கொடுத்தேன். எதிராளி மரியாதை தெரிந்தவர். ஏதோ தியாகம் செய்கிறேன் என்று நினைத்து பத்து நிமிஷம் யோசித்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது போர்டு தோல்வி. டிரைவர் வெற்றி. நாலாவதும் ஐந்தாவதும் டிரா. நாலு மணிக்கு எங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு மூன்று. மிச்சம் இருந்தது மாப்பிள்ளையின் ஆட்டம் ஒன்றுதான். அவர் ஜெயித்தால் மூன்றுக்கு மூன்று. டிரா செய்தால் நாங்கள் காலி. நான் மட்டும் அந்த ராணியைக் கொடுக்காமல் ஒரு டிரா வாங்கியிருந்தால், அவருக்கும் டிராவே போதுமாக இருந்திருக்கும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருந்ததில் எனக்கே கேட்டது.

நாலு பன்னிரண்டுக்குச் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. படிக்கட்டுக்கு வந்து பேசினேன். ஹாலுக்குள் பேசவில்லை.

"அண்ணா, மேட்ச் எப்படிப் போகுது?" என்றாள் தங்கை.

சொன்னேன். ஒரு நிமிஷம் நாற்பத்தாறு வினாடி. உள்ளே வந்தேன்.

உங்களுக்குக் கொடுக்க நான் முதலில் எழுதிய விளக்கம் இத்தோடு முடிந்தது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒரே ஒரு சிக்கல், இதற்குச் சாட்சி வேண்டும். தங்கையைக் கூப்பிட்டு நீங்கள் விசாரிக்க முடியாது. அன்று மாலையே அவள் இறந்துவிட்டாள். உங்களில் ஒருவர் அடக்கத்துக்கு வந்திருந்தார். அவருக்கு என் நன்றி. என் போனிலும் அந்த அழைப்பின் பதிவு இல்லை, அன்றே அழித்துவிட்டேன். ஆகவே தங்கையின் போனில் இருக்கும் பதிவைக் காட்டுவது ஒன்றுதான் வழி என்று நினைத்தேன். அந்தப் போன் அவள் மகளிடம் இருந்தது.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மருமகள், அதாவது தங்கையின் மகள், ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள்; ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவாள். இருபத்து நாலு வயது. ஒரு வரியில் எழுத்து ஒன்று இடம் மாறியிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பாள். நான் போய்ச் சேர்ந்திருக்கக் கூடாத இடம் அது. என் ஆட்டத்தின் லட்சணமே இதுதான், எதிராளி என்ன செய்வார் என்று ஒரு நகர்த்தல்கூட முன்னால் யோசிப்பதில்லை.

"அம்மா போனை ஒரு தடவை பார்க்கணும்மா" என்றேன்.

"எதுக்கு மாமா?"

"லீக்ல புகார் வந்திருக்கு. அன்னிக்கு யாரோ எனக்குப் போன்ல ஆட்டம் சொல்லிக்கொடுத்தாங்களாம். அம்மாதான் கூப்பிட்டான்னு காட்டிட்டா முடிஞ்சுது."

பீரோவைத் திறந்து போனை எடுத்தாள். கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அம்மா உங்களை எப்பக் கூப்பிட்டாங்க? மேட்ச் முடிஞ்ச பிறகு, அஞ்சு இருபதுக்குன்னுதானே அப்பாகிட்ட சொன்னீங்க?"

"ஆமா. அப்படித்தான்."

அவள் பட்டியலைப் பார்த்தாள். முன்னறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கீழ்வரிசை இருந்தது, ராவும் சத்தம் வரவில்லை.

"நாலு பன்னெண்டு" என்றாள் குரலைத் தாழ்த்தி. "நாலு முப்பத்தொண்ணு. நாலு நாப்பது. அஞ்சு இருபதுக்கு ஒண்ணுமே இல்லையே மாமா."

"நேரத்தைக் குழப்பிக்கிட்டேன் போல."

"நீங்களா?"

போனுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"கடைசி ரெண்டு நீங்க எடுக்கல. முதல்ல ஒரு நிமிஷம் நாப்பத்தாறு செகண்ட் பேசியிருக்கீங்க. அம்மா என்ன சொன்னாங்க?"

"மேட்ச் எப்படிப் போகுதுன்னு கேட்டா."

"மூச்சு விட முடியாதவங்க அதையா கேட்டாங்க?"

"அதையும் கேட்டாம்மா."

அவள் அழவில்லை. போனை மேசைமேல் வைத்தாள். பழைய காகிதம் ஒன்றை எடுத்து மூன்று நேரங்களையும் பென்சிலால் எழுதி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அச்சுப் பிரதியில் சந்தேகம் வந்தால் அவர்கள் போடும் குறி. "உங்க புகாருக்கு நீங்க என்ன எழுதறீங்களோ அதுல முழுசா எழுதுங்க. எழுதி எங்கிட்ட காட்டுங்க. அப்பதான் இந்தப் பதிவைத் தருவேன்" என்றாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

அதனால் முழுசாக எழுதுகிறேன்.

"அண்ணா, மேட்ச் எப்படிப் போகுது? முடியற மாதிரியா?" என்றுதான் தங்கை ஆரம்பித்தாள். குரலுக்குப் பின்னால் விசில் மாதிரி ஒரு சத்தம். தொந்தரவு செய்கிறோமோ என்ற கவலை அவளுக்கு எப்போதும் உண்டு. மூன்றுக்கு இரண்டு, அவர் ஆட்டம் மட்டும் பாக்கி என்றேன். "எனக்கு மூச்சு முட்டுதுண்ணா. ஸ்ப்ரே நாலு தடவை அடிச்சுட்டேன், கேக்கல. அவரைக் கொஞ்சம் அனுப்பு" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. அந்த ஒரு நிமிஷம் நாற்பத்தாறு வினாடியில் அதிகம் போனது அந்த இடைவெளிகள்தான். பிறகு, "ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? இதோ அவரை அனுப்பறேன். அஞ்சு நிமிஷத்துல வந்துடுவார். நீ பேசாம உட்காரு" என்றேன்.

"சரிண்ணா" என்றாள்.

அவர்கள் வீடு சங்கத்திலிருந்து காரில் ஐந்து நிமிஷம். அந்தக் கணக்கில் பொய் இல்லை.

உள்ளே வரும்போது சொல்லிவிடத்தான் நினைத்தேன் என்று எழுதலாம். பிழை திருத்துகிறவள் படிக்கப் போகிறாள் என்பதால் எழுதவில்லை. உள்ளே வரும்போது நான் மாப்பிள்ளையின் போர்டைத்தான் பார்த்தேன். இருவருக்கும் ஒவ்வொரு யானை, அவரிடம் ஒரு சிப்பாய் அதிகம். ஜெயிக்கக்கூடிய ஆட்டம், பொறுமையாக ஆடினால். எதிராளியான டைப்பிஸ்ட் அப்போதுதான் டிரா கேட்டிருந்தார். மாப்பிள்ளை எழுந்து என்னிடம் வந்தார். டிரா எடுக்கலாமா என்று ஆட்டக்காரர் கேப்டனைக் கேட்கலாம். கேப்டன் எடு, வேண்டாம் என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லலாம், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இதுவும் விதி.

"டிரா குடுக்கிறான் மச்சான். எடுக்கவா?"

"வேண்டாம்."

விதிப்படிதான் பேசினேன். வேறு எதையும் சொல்ல அங்கே எனக்கு அனுமதி இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். புகாரில் நான் ஏதோ பேசினேன் என்று இருக்கிறது. பேசியது அந்த ஒரு சொல்தான். நடுவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

நானே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் ஆட்டம்தான் எப்போதோ முடிந்துவிட்டதே. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டிரைவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு தினமும் நெரிசலில் ஓட்டுகிறவர். கார் சாவி மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருந்தது; கேட்டால் எதற்கு என்று கேட்பார். வாடகை வண்டி கூப்பிட்டிருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு நானே சொல்லியிருக்கலாம், அதற்குச் சாவி வேண்டாம். இதெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை என்று இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் தோன்றியது, இதே வரிசையில். ஆனால் அவள் வீட்டுக்குப் போகிற ஆம்புலன்ஸ் எங்கள் சங்கத் தெரு வழியாகத்தான் வர வேண்டும், சத்தம் மாடிக்குக் கேட்கும்.

நாலு முப்பத்தொன்றுக்குப் போன் அதிர்ந்தது. எடுத்தால் என்ன சொல்வது? கிளம்பிவிட்டார் என்று சொல்ல வேண்டும். அது பொய்யாகிவிடும். அதனால் எடுக்கவில்லை. நாலு நாற்பதுக்கு இரண்டு முறை அதிர்ந்து நின்றுவிட்டது. பிறகு வரவில்லை. இழுப்பு அடங்கிவிட்டது போல என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். நல்ல முடிவாட்டம். அவர் ராஜாவைக் குறுக்கே கொண்டுபோன விதத்தை நான் நம் லீக்கின் மாத இதழில் எழுதுவதாக இருந்தேன்.

ஐந்து பதினெட்டுக்கு டைப்பிஸ்ட் கைகொடுத்தார். மூன்றுக்கு மூன்று. எங்கள் ஆட்கள் மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார்கள். முடிவுத்தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன், நடுவரிடம் கொடுத்தேன். அதன் பிறகு அவரைப் படிக்கட்டுக்குக் கூட்டிவந்து, "தங்கச்சி இப்பதான் கூப்பிட்டா. கொஞ்சம் இழுப்பா இருக்காம், போய்ப் பார்த்துடு" என்றேன். அவர் இரண்டு இரண்டு படியாக இறங்கினார். அவர் கார் தெரு முனை திரும்பியதும் என் போனில் இருந்த மூன்று அழைப்புகளையும் அழித்தேன்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது என்று பிறகு சொன்னார். அவர் வந்ததும் நேரே ஏறிவிடலாம் என்று அவளே திறந்து வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டு, மாற்றுப் புடவை, தண்ணீர் பாட்டில் எல்லாம் பையில் இருந்தன. வாசல் பக்கத்து நாற்காலியில், காலில் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். அவள் போனில் அன்று மாலை என்னுடைய எண்ணைத் தவிர வேறு எண் இல்லை. அண்ணன் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டான்; பிறகு எதற்கு வேறு யாரையும் கூப்பிட வேண்டும்?

இதுதான் நடந்தது. என் தங்கைக்கு உதவி வராமல் நான் நிறுத்தினேன். உதவி வருகிறது என்று சொல்லி நிறுத்தினேன். ஒரு புள்ளிக்காக.

மாப்பிள்ளை அன்றைக்கு என் தோளில் சாய்ந்து அழுதார். "டிராவை எடுத்திருந்தா நாலே காலுக்கே போயிருப்பேன் மச்சான். நான்தான் ஆசைப்பட்டு ஆடிட்டேன்" என்றார். வேண்டாம் என்று சொன்னது நான் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. "உன் தப்பு இல்ல மாப்பிள்ளை, மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்று தேற்றினேன். நன்றாகத்தான் தேற்றினேன். இப்போதும் வாரம் இரண்டு முறை போய்த் தேற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் அவர் அதையே சொல்கிறார், நானும் அதையே சொல்கிறேன். என்னைவிட அவருக்கு ஆறுதல் சொல்லப் பொருத்தமான ஆள் இல்லை என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

குழுவிடம் என் கோரிக்கை இரண்டு. என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், கேப்டன் பதவியை எடுத்துவிடலாம், ஆறாவது போர்டையும் எடுத்துவிடலாம். அணிக்கு அது லாபம்தான். போலீஸுக்கு இதை அனுப்ப வேண்டும் என்று நினைத்தாலும் சரி. ஆனால் போட்டி முடிவை மாற்றக் கூடாது. வெளியிலிருந்து யாரும் ஆட்டம் சொல்லித்தரவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை, மூன்றுக்கு மூன்று நியாயமாக எடுத்த முடிவு. அழைப்புப் பதிவை மருமகள் நேற்றுக் கொடுத்துவிட்டாள். இதைப் படித்த பிறகுதான் கொடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, இந்த விளக்கத்தின் நகல் மாப்பிள்ளைக்குப் போக வேண்டாம். அவர் எதையும் மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறவர். ஆட்டம் கெட்டுவிடும்.

அடுத்த வருஷத்துக்கான எங்கள் அணிப் பட்டியலையும் சேர்த்து அனுப்புகிறேன், தேதி நெருங்கிவிட்டதால். முதல் போர்டில் அவர் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்ல மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இப்போது வீட்டில் யாரும் இல்லை.